அண்ணன் பந்தை வைத்துக்கொண்டு நின்ற நேரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதைச் செய்தாலும் அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பேன். பார்ப்பதுதான் பிழைப்பும். ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டைம் ஸ்டடி எனக்கு. லைனில் நிற்பவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பாகத்தை எடுக்க எவ்வளவு, பொருத்த எவ்வளவு, திருக எவ்வளவு என்று ஸ்டாப்வாட்சை அழுத்தி அழுத்தித் தாளில் எழுத வேண்டும். நான் வந்து நின்றாலே லைனில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டில் மனைவி தோசை திருப்பும்போதும் என் கட்டை விரல் தானாக அசையும். அந்த விரலை ஒருநாள் தோசைக்கல்லில் வைத்து எடுக்கப் போகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரியில் ஐந்து நிமிடம் நின்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வரிசையில் நிற்கிறவர்கள், யோசித்துப் பேசுகிறவர்கள், வாக்கியத்தின் நடுவில் டீயை ஊதுகிறவர்கள், எல்லார் மேலும் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீ நேரத்தில் அந்தப் பேச்சு கிளம்பியது. அசெம்பிளியில் படப்பைக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். எங்கள் கம்பெனி பாஸ்கெட்பால் டீமில் அவன்தான் இப்போது நட்சத்திரம். கையில் போன் இருந்தால் அமெரிக்காக்காரர்கள் ஆடுவதைத்தான் பார்ப்பான். முப்பது, நாற்பது வருடத்துக்கு முன் ஆடிய ஜாம்பவான்களைக் கொண்டுவந்து இன்றைய ஆட்டத்தில் இறக்கினால் நிற்பார்களா, மாட்டார்களா என்று அவன் ஒரு கேள்வியைப் போட்டான். அவ்வளவுதான், கேன்டீன் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அந்தக் கால ஆட்டத்தில் முழங்கை அடி வாங்கிக்கொண்டே ஆடினார்கள், இன்றைக்கு ஆடுகிறவர்கள் ஒரு வாரம் தாங்குவார்களா என்று ஒரு கட்சி. இன்றைக்கு ஐந்து பேரும் தூரத்திலிருந்து போடுகிறார்கள், வளையத்துக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற நெட்டைக்கு இங்கே என்ன வேலை என்று இன்னொரு கட்சி.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் வாயைக் கொடுத்தேன். நிற்க மாட்டார்கள் என்றேன். ஆட்டம் என்பது நேரம், நேரம் பாதியாகச் சுருங்கிவிட்டது, பெரியவர்கள் என்பதற்காகக் கணக்கு மாறாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். படப்பைப் பையன் சிரித்துக்கொண்டே, "இன்னா சார், நீங்களே அந்தக் காலத்து பிளேயரு. உங்க ஆளுங்களையே வுட்டுக் குடுக்கிறீங்க" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, ஆயுத பூஜை மேட்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை காலையில் எந்திரத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் கேன்டீனுக்குப் பின்னால் உள்ள சிமென்ட் கோர்ட்டில் ஒரு மேட்ச் நடக்கும். அசெம்பிளிக்கும், தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்புக்கும். ஆபீஸும் ஸ்டோர்ஸும் அசெம்பிளி பக்கம். கோப்பை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தோற்ற பக்கம் ஒரு வருடம் கிண்டலைச் சுமக்க வேண்டும், அதுதான் பரிசு. அசெம்பிளி பக்கம் ஐந்து பேரைத் தேர்வு செய்கிற பொறுப்பு பல வருடமாக என்னுடையது. நானும் ஆடுவேன். வயது நாற்பத்தெட்டு. அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் பட்டியல் எழுதுகிறவன் நான்.

பையன் தயங்கியது அண்ணனைப் பற்றி. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தேனிப் பக்கம் எங்கள் ஊர் கிளப்பில் அவர் வளையத்தடியில் நிற்கிற சென்டர், நான் வெளியிலிருந்து ஓடி வருகிற கார்டு. ஆறடி நாலங்குலம். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை ஒரு கையால் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சின்னப் பிள்ளைகளைப் போல் தொங்கவிடுவார். தெற்கே எந்த ஊர் டோர்னமென்டுக்குப் போனாலும் அவரைப் பார்க்கவென்று ஒரு கூட்டம் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே ஜாம்பவான் அவர்தான். பிறகு அவர் வேலைக்கென்று இங்கே வந்து, ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்கும் தகவல் சொல்லி, சேரப்பணஞ்சேரியில் தன் வாடகை அறையிலேயே ஆறு மாதம் என்னை வைத்துக்கொண்டார். நான் படித்துக்கொண்டே ஆபீஸ் பக்கம் நகர்ந்தேன். அவர் ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், அப்போதும் அதையேதான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை வருகிற அதே மாதக் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட்.

அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வருடம் கேட்டார். கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, கடைசித் தடவை, ஆரம்பத்திலிருந்தே ஆடலாம் என்று பார்க்கிறேன் என்றார். ஆடுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டேன். இப்போது படப்பைப் பையன் வந்து, முந்தின வருடம் பிரஸ் ஷாப்காரர்கள் அவரைச் சுற்றி ஓடியே எங்களைத் தோற்கடித்தார்கள், நீங்கள் சொன்ன கணக்கு அவருக்கும் உண்டுதானே என்று மெதுவாகக் கேட்டான். நான் வைத்த பிரசங்கத்தையே திருப்பி என் தட்டில் பரிமாறினான்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய வீடியோ ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் ஆடிய ஒரு ஃபைனல். கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து எடுத்தது. கேசட்டிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து போனுக்கும் மாறி மாறி வந்தது. மாப்பிள்ளை முகத்தை விட்டுக் கேமராவை நகர்த்தாமல் பழகிய மனுஷன், பந்து யாரிடம் இருக்கிறதோ அவரை மட்டும் நெருக்கமாகப் பிடித்திருந்தார். பாதிப் படத்தில் அண்ணன்தான் இருந்தார்.

கம்பெனித் தாள் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். வாங்குதல், வைத்திருத்தல், திரும்புதல், எறிதல். ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். வாங்குவது, திரும்புவது, எறிவது எல்லாம் கண் சிமிட்டுகிற நேரம். நடுவில் அந்த வைத்திருத்தல் மட்டும் ஒவ்வொரு தடவையும் மூன்று விநாடியைத் தொட்டது. பந்தை ஒரு கையில் உயர்த்திக்கொண்டு மனுஷன் சும்மா நிற்கிறார். மறுபடி ஓட்டினேன். மறுபடி மூன்று. என் தொழிலில் கையில் பொருளோடு சும்மா நிற்பதற்கு வீண் என்று பெயர். அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்தேன். மனைவி எட்டிப் பார்த்து, லீவு நாளிலுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுழித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் அவர் நிழலில் ஆடியவன். அவர் பெயரைக் கூவிய கூட்டம் என் பெயரை ஒருநாளும் கூவியதில்லை.

திங்கட்கிழமை தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன். அண்ணன் வண்டியை அணைத்துவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். வீடியோவில் பார்த்ததை, கட்டம் கட்டமாக, லைனில் ஒரு ஆபரேட்டருக்கு விளக்குகிற அதே குரலில் விளக்கினேன். இன்றைய ஆட்டத்தில் மூன்று விநாடி யாரும் தர மாட்டார்கள், அன்றைக்கே இப்படி என்றால் இன்றைக்கு நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாரை அளந்தோமோ அவர் தாளின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும், பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கு. நான் பாதி விளையாட்டாகப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கி, தாளைத் தொடையில் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"சின்னப் பயலுக ஆடட்டும்டா" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு பையன்கள் பெயரையும் என் பெயரையும் எழுதி கேன்டீன் பலகையில் ஒட்டினேன். அண்ணன் பெயர் இல்லை. ஸ்டோர்ஸ்காரர்கள் அந்த வாரம் எனக்கு வணக்கம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். கணக்குக் கணக்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் மூன்றாவது லைனில் டைம் ஸ்டடி. நாலாவது ஸ்டேஷனில் வாலாஜாபாத்திலிருந்து வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். பத்து வருட அனுபவம், வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் அளந்து பார்த்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் நாலு விநாடி கூடுதலாக வந்தது. பாகத்தை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அப்புறம்தான் அடுத்த ஸ்டேஷனுக்குத் தருகிறார். எழுதி, சுழித்து, கையெழுத்துக்கு நீட்டினேன்.

"நான் போட மாட்டேன் சார்" என்றார் அந்த அக்கா.

ஏன் என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் எப்பவோ முடிச்சிட்டேன். அந்தாண்ட இருக்கிறவன் கை காலியாவட்டும்னு வச்சிகினு நிக்கிறேன். கீழயா போட சொல்றீங்க? நீங்க என்னையே பாத்துகினு இருக்கீங்க சார். ஒரு தபா அவனப் பாருங்க."

பார்த்தேன். ஐந்தாவது ஸ்டேஷனில் புதுப் பையன். திருகும் கருவி கையில் நிற்காமல் தடுமாறிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கிற வரைக்கும் இவர் பாகத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார். அவன் நேரத்தை இவர் பெயரில் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் இது. பதினாறு வருடம் கழித்து அந்த அக்கா எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தாளைக் கிழித்தேன், மன்னிப்பும் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருக்கும்போது அண்ணன் கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகத்துக்கு வந்தது.

அங்கேயே லைன் ஓரத்தில் நின்று போனை எடுத்தேன். பழைய வீடியோவை ஓட்டினேன். இந்தத் தடவை பந்தைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பந்து கைக்கு வந்ததும் அவர் கண் வலது மூலைக்குப் போகிறது. அங்கேயே நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை கேன்வாஸ் ஷூ நுழைகிறது. அதன் பிறகுதான் பந்தைக் கொடுக்கிறார், அல்லது அந்த ஷூவுக்குக் கொடுப்பதுபோல் காட்டி எதிராளியை ஏமாற்றிவிட்டுத் திரும்பி எறிகிறார். அடுத்த தடவையும் அதேதான். அதற்கு அடுத்த தடவையும். வலது மூலையிலிருந்து வெட்டி வர வேண்டியவன் கார்டு. கார்டு நான். அது என் ஷூ.

எனக்கு அப்போது பதினெட்டு வயது, நான் மெதுவானவன். என்னால் ஓட முடிந்தது அவ்வளவுதான். அந்த மூன்று விநாடியும் நான் வந்து சேருகிற நேரம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மெதுவானவனைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவனுக்காக நின்றவரை மெதுவானவர் என்று எழுதி வெளியே தள்ளி, அதற்கு அவரிடமே கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

ஸ்டோர்ஸுக்கு ஏறக்குறைய ஓடினேன். அண்ணன் பூஜைக்காகத் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தின் இடுக்கில்கூடத் துணியை விட்டு விட்டுத் துடைத்தார். மூச்சு வாங்க நின்று, அந்த மூன்று விநாடி என்னுடையது அண்ணே என்றேன்.

"தெரியும்" என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

"அப்பறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ பேனாவ நீட்டுன. போட்டேன்." துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ லேட்டாத்தான் வருவ. ஆனா வந்துருவ. அதுனால நின்னேன். அதப் போயி ஒரு தப்பா எழுதிட்டு வந்து நிக்கிறயேடா."

நேராகக் கேன்டீனுக்குப் போனேன். பலகையில் என் பெயரை அடித்து அவர் பெயரை எழுதினேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மறுநாள் பூஜை முடிந்து, நெற்றியெல்லாம் குங்குமமும் வாயெல்லாம் பொரியுமாக எல்லாரும் கோர்ட்டைச் சுற்றி நின்றார்கள். லைனில் கழற்றிப் போட்ட டிஜிட்டல் போர்டு ஒன்றை மெயின்டனன்ஸ்காரர்கள் பந்தை எறிய ஒரு பக்கத்துக்குத் தருகிற இருபத்து நாலு விநாடியைக் காட்டும் கடிகாரமாக மாற்றிக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். எச்.ஆரில் ஒரு தம்பி விசிலோடு நடுவர். நான் பெஞ்சில். பெஞ்சு போட்டிருந்தது நாங்கள் பந்து போடுகிற வளையத்தின் பக்கம், வலது மூலைக்கு வெளியே. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன்.

முதல் பந்து அண்ணன் கைக்குப் போனது. பழக்கத்தில் விரல் அழுத்தியது. நிறுத்துவதற்குள் பந்து அவர் கையில் இல்லை. படப்பைப் பையன் இடது பக்கம் வெட்டி ஓடியிருந்தான், பந்து அவனுக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. அவன் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான். பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், இவர் வாங்கினார், கொடுத்தார், வாங்கினார், கொடுத்தார். ஐம்பத்தெட்டை நெருங்குகிற மனுஷன், முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார், ஓடக்கூட இல்லை. என் விரல்தான் பின்தங்கியது. அந்தக் காலத்தில் எனக்குப் பதிலாக இப்படி ஓடுகிற ஒருவன் இருந்திருந்தால் இவர் எங்கேயோ போயிருப்பார் என்று தோன்றியது. ஸ்டாப்வாட்சைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பையன்கள் களைத்துவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. போர்டில் எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது பந்து உள்ளே போனது. அண்ணன் வளையத்துக்கு முதுகைக் காட்டி வாங்கினார். ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கினார். இடது பக்கம் யாரும் நகரவில்லை. அவர் தலை வலது மூலைக்குத் திரும்பியது.

ஒன்று. அங்கே யாரும் இல்லை, நான் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு. போடு, போடு என்று கூட்டம் முழுக்கக் கத்தியது. அவர் கண் என் மேல் இருந்தது. மூன்று.

விசில் ஊதிவிட்டது. வளையத்துக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, அது அந்தக் காலத்திலிருந்தே உள்ள விதி. பந்து பிரஸ் ஷாப்புக்குப் போனது, மேட்சும் போனது. கீழே பார்த்தேன். என் இரண்டு காலும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. எப்போது நடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "பழகிப் போச்சுடா" என்று சிரித்தார். நான் எல்லார் முன்னாலும் அழுதேன். பொரிப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார்.

பூஜை லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று டீ நேரத்தில் படப்பைப் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நல்லாத்தான் ஆடுனாரு சார், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க சொன்னதுதான் கடைசில கரெக்ட்டாச்சு. மூணு செகண்டு சும்மா நின்ட்டாரு பாருங்க" என்றான்.

நான் தேனிக்காரன் பேச்சை ஒளித்துப் பழகியவன். அன்றைக்கு ஒளிக்கவில்லை. "அவரு சும்மா நிக்கலடா. எனக்காக நின்னாரு. அன்னைக்கும் எனக்காகத்தான் நின்னாரு" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. போனை எடுத்து அந்தப் பழைய வீடியோவை ஓட்டி அவன் கையில் கொடுத்தேன். பந்தைப் பார்க்காதே, அவர் கண்ணைப் பார் என்றேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். படத்தின் ஓரத்தில் அந்த வெள்ளை ஷூ வரும் வரைக்கும் நானும் காத்திருந்தேன்.